தையல் மெஷினுக்கு மாம்பழப் பெட்டி

இருபது தையல் மெஷின்! எங்கள் கார்மெண்ட்ஸ் கம்பெனி கழித்துப்போட்ட பழசுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நானே எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்த்திருந்தேன். இலங்கை மலைத் தோட்டத்தில், வெள்ளத்தில் எல்லாம் போன பெண்களுக்காகத் திலகா அக்கா தையல் கூடம் தொடங்குகிறார். ஃபோனில்தான் பழக்கம். பள்ளிச் சீருடை ஆர்டர் அவர் கைக்கு வந்துவிட்டது. இந்தக் கப்பலில் மெஷின் ஏறாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். ஏற்றிவிடுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அதனால்தான், ஓசூர் சரக்குக் கிடங்கில் கஸ்டம்ஸ் ஏஜென்ட் சுரேந்தர் அண்ணன் முதல் பெட்டியைத் திறந்து தலையில் கைவைத்ததும் நான் பதறிப்போய் அருகில் ஓடினேன்.

“என்ன ரேவதி இது, வைக்கோலு?”

“அப்பாதான் பேக் பண்ணாருண்ணா.”

அப்பா பெருமையோடு முன்னால் வந்தார். வேப்பனப்பள்ளியில் எங்களுக்கு மாந்தோப்பு. “கல்கத்தா வரைக்கும் போயிருக்குதுங்க இந்தப் பேக்கிங்கு. ஒரு பழம் நசுங்கினதில்ல.”

“பழம் நசுங்காதுங்க, நான்தான் நசுங்குவேன்! வைக்கோல்ல பூச்சி இருக்கும்னு அங்க எறக்கவே விடமாட்டாங்க. பெட்டியும் பச்சப் பலகை. சூடேத்திப் பூச்சியக் கொன்ன மரம்னு கோதுமக்கதிர் முத்திர வேணும். மத்தியானம் ஆபீசர் வராரு, சாயங்காலம் கன்டெய்னர் கெளம்பிடும்.”

“அப்ப வைக்கோலுக்குப் பதிலா பழைய சேலயத் திணிச்சுடலாமுங்களா?”

“பழைய துணின்னா அது தனி வம்பு! நீங்க போயி ஒரு டீ குடிங்கய்யா.”

கோதுமைக் கதிர்! அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன்! கம்பெனிக்குப் புது மெஷின்கள் ஜப்பானிலிருந்து வந்தனவே, அந்தப் பெட்டிகளின் பக்கவாட்டில்! அவை இப்போது சிப்காட்டுக்குப் பின்னால் மாதேஸ்வரன் அண்ணனின் பழைய இரும்புக் கடையில் கிடக்கும்.

“அண்ணா, பழைய பெட்டில அந்த முத்திர இருந்தா செல்லுமா?”

“பெட்டி முழுசா இருந்தா செல்லும். பலகைய மாத்தினா போச்சு.”

அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியை முறுக்கினேன். கடை தெரிவதற்கு முன்பே சுத்தியல் சத்தம் கேட்டது. பெட்டிகளை உடைக்கிறார்!

“நிறுத்துங்கண்ணா!” ஸ்டாண்ட் போடாமலே குதித்து ஓடினேன். அப்பா வண்டியோடு சாயப் பார்த்துக் காலை ஊன்றித் தப்பித்தார்.

மாதேஸ்வரன் அண்ணன் சுத்தியலோடு திரும்பினார். “ஏனம்மா, யாரையாச்சும் கொன்னுட்டனா?”

“இன்னும் இல்ல! முழுப் பெட்டி எத்தன இருக்குது?”

பெரிய பெட்டிகள்தான், ஆனால் நான்குதான் மிச்சம். விஷயத்தைச் சொன்னதும், வெள்ளை ஃபோம் அட்டைகளையும் சேர்த்துத் தன் குட்டி யானை வண்டியில் அவரே ஏற்றினார். “பெட்டிய திருப்பிக் குடுத்துடுவ இல்ல?”

“இலங்கையில இருந்தா?”

“கேட்டு வச்சேன்!”

கிடங்கில் அடுக்கிப் பார்த்தால், நான்கு மெஷின்கள் வெளியே நின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா கொஞ்ச நேரம் பெட்டியைச் சுற்றி வந்தார். “எல்லாத்தயும் வெளிய எடு. ஸ்டாண்ட கழட்டு. மெஷினுங்களத் தல மாத்தி வையி.” மாம்பழம் அடுக்கும் கை! இடுக்கெல்லாம் நிரப்பி, கடைசி மெஷினைத் தட்டித் தட்டி உள்ளே இறக்கினார்.

ஆபீசர் வந்தார். முத்திரைகளைப் பார்த்தார், தலையசைத்தார். பிறகு ஒரு மெஷினின் அடிவயிற்றில் விரலை விட்டு இழுத்தார். ஒரே ஒரு வைக்கோல்.

சுரேந்தர் அண்ணன் மறுபடியும் தலையில் கைவைத்தார்.

“ஒண்ணு இருந்தா ஒம்பது இருக்கும். எல்லாத்தயும் எறக்கிச் சுத்தம் பண்ணுங்க. திரும்ப வந்து பார்ப்பேன்.”

எப்படி இறக்கினோம், எப்படி ஏற்றினோம் என்றே தெரியாது! காற்றுக்குழாயை ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் விட்டு ஊதினேன். சுரேந்தர் அண்ணன் வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். அப்பா தும்மிக்கொண்டே மறுபடி அடுக்கினார். ஆபீசர் திரும்பி வந்து ஒவ்வொரு பெட்டியாகத் துழாவினார். ஒன்றும் சிக்கவில்லை. பெட்டிகள் கன்டெய்னரில் ஏறியதும் கதவை மூடச்சொல்லி சீல் வைத்தார்.

லாரி நகரும்போதே திலகா அக்காவை ஃபோனில் கூப்பிட்டேன்.

“ஏறிருச்சா தங்கச்சி?”

“ஏறிடுச்சுக்கா!”

நான் போட்ட கத்தலில் டிரைவர் பயந்து பிரேக் போட்டு எட்டிப் பார்த்தார்.

“நிறுத்தாதீங்க!” அப்பாவும் சுரேந்தர் அண்ணனும் சேர்ந்து கத்தினார்கள். “போங்க, போங்க, போயிட்டே இருங்க!”