பத்து ரிப்போர்ட்டும் ஒரே பெயரும்

தலைமை மருத்துவர் கர்ப்பமாக இருக்கிறார் என்று கணினி அடித்துத் தந்த தாளை, அவரே கொண்டுவந்து மேசையில் போட்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதர். மீசை வேறு துடித்தது.

"உன் புரோகிராமைச் சோதிக்கப் பத்துப் பேர் ரத்தம் குடுத்தோம். பத்து ரிப்போர்ட்லயும் என் பேர்தான் இருக்கு. மத்தியானத்துக்குள்ள சரியாகலேன்னா உன் புரோகிராமைத் தூக்கிட்டு, எல்லாத்தையும் கையால எழுதிக்குவோம்."

வாலுவுக்கு முகம் சுருங்கிப்போனது. வீட்டில் வைத்த செல்லப்பெயர் ஆய்வகம் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டாலும், ஒரு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் புரோகிராமை சி என்ற கணினி மொழியில் எழுதியவள் அவள்தான். அதைவிடப் பெரிய கவலை வேறு. அங்கேயே பரிசோதகராக இருக்கும் அண்ணியும் ரத்தம் கொடுத்திருந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. பத்தில் ஒரு தாளில் மட்டும் இருந்த கர்ப்பம் என்ற சேதி அண்ணியுடையதா, ரத்தம் கொடுத்த மற்ற மூன்று பெண்களில் ஒருத்தியுடையதா?

அண்ணி ஊசி குத்திய இடத்தைத் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் நின்றாள். "நேத்து ஒவ்வொண்ணா அனுப்பினப்போ சரியாத்தானேடி வந்துச்சு?"

"இன்னிக்குப் பத்தையும் சேர்த்து வச்சு ஒரே மூச்சுல அனுப்பினேன் அண்ணி..." சொல்லும்போதே வாலு தலையில் அடித்துக்கொண்டாள்.

தகவல்தளத்துக்குப் போகும் கட்டளையில் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும். அதோடு வாலு பிணைத்து வைத்தது பெயரை அல்ல, நினைவகத்தில் பெயர் இருக்கும் முகவரியை. கட்டளை ஓடும்போதுதான் அது அந்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டும். இவளோ ஒவ்வொரு பெயரையும் அதே வீட்டில் குடிவைத்து, முந்தையதைக் காலி பண்ணியிருக்கிறாள். பத்துக் கட்டளையும் தட்டியபோது உள்ளே இருந்தவர் கடைசியாகக் குடிவந்த மருத்துவர்! சி மொழி ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. சொன்னதைச் செய்துவிட்டு ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி உட்கார்ந்திருந்தது.

பத்துப் பெயருக்கும் பத்துத் தனி இடம் கொடுத்தாள். நாலே வரி. அவசரத்தில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போக, எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் கத்தியது. அதையும் போட்டாள். ரத்தப் பரிசோதனை இயந்திரத்தில் இருந்த முடிவுகளை மறுபடி சேர்த்து அனுப்பினாள்.

பிரிண்டர் முனகிக்கொண்டு தாளைத் தள்ளியது. முதல் தாளில் தையல்காரர் பெயர். அடுத்ததில் பஸ் டிரைவர். வாலுவுக்கு அப்போதே குதிக்க வேண்டும்போல் இருந்தது, அண்ணிக்காக அடக்கிக்கொண்டாள்.

ஏழாவது தாளை மருத்துவர் முந்திக்கொண்டு எடுத்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். "புரோகிராம் இருக்கட்டும்" என்று தாளை அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணிக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்படியே வாலுவிடம் தள்ளினாள். "நீயே சொல்லுடி."

"அண்ணி, நான் அத்தையாகப் போறேன்!"

அந்தச் சத்தத்தில் வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.