வரம்புக்குக் கீழே ஒரு குரல்

துகள் ஆய்வாளர் தம் கருவியின் இரைச்சலைக் கழித்த செவ்வாய்க்கிழமையன்று, அவருடைய மனைவியின் காலடியோசை வீட்டிலிருந்து மறைந்துபோயிற்று. அம்மையார் வழக்கம்போலவே சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தார். செருப்பு தரையைத் தொட்டது. ஓசை மட்டும் எழவில்லை. திரும்பியபோது தோளுக்கருகே நின்ற மனைவியைக் கண்டு ஆய்வாளர் இருமுறை தேநீரைக் கொட்டிக்கொண்டார். பிறகு பழகிவிட்டது.

ஆய்வாளர் தம் பணிக்காலம் முழுவதும் ஒரே ஒரு துகளைத் தேடிவந்தார். இரண்டு தெரு தள்ளியிருந்த ஆய்வுக்கூடத்தின் நிலவறையில், ஈயச் செங்கற்களுக்கு நடுவே, வெளிச்சம் புகாதபடி கறுப்பு நாடா சுற்றிய படிகம் ஒன்று இருந்தது. எந்தத் துகள் பாய்ந்தாலும் அதில் ஒரு பொறி மின்னும், கணினி பதிந்துகொள்ளும். காலையிலும் மாலையிலும் காரணமின்றி மின்னிய சில பொறிகள் அவர் உயிரை வாங்கின. அவற்றை இரைச்சல் என்று ஒதுக்கி, கணக்கிலிருந்து கழித்தார். அவை மனைவியின் நடை என்பது பிறகுதான் விளங்கியது. பதறிப்போய்க் கழித்தலை நீக்கிப் பார்த்தார். அன்று மாலையே, தேங்கியிருந்த காலடிகள் அத்தனையும் ஒன்றாகத் திரும்பி, பள்ளிக்கூடம் விட்டாற்போல் வீடு அதிர்ந்தது. ஆய்வாளருக்குப் போன உயிர் வந்தது. கழித்தது எதுவும் தொலைவதில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, மறுபடியும் கழித்தார்.

"ஏங்க, உங்க மிஷினுக்கு நான்தான் தொந்தரவா?" என்று மனைவி கேட்டார்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. எல்லாம் பத்திரமா இருக்கு."

"இருக்கும், இருக்கும். என்னையும் ஒரு டப்பாவுல போட்டு மூடி வெச்சிருங்க."

இதற்கிடையில், வேறொரு நாட்டு ஆய்வுக்குழு அதே துகளை நெருங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. கத்தரிக்கோல் என்று எல்லோரும் அழைக்கும் மின்னணுப் பொறியாளர் ஒரு யோசனை சொன்னார்: கணினி பதிவதற்கான ஒளியளவின் வரம்பை உயர்த்தி, அதற்குக் கீழே மின்னும் பொறிகளைப் பதியாமலே விட்டுவிடலாம். "சின்னச் சின்னதையெல்லாம் எதுக்கு சார் சேத்து வெக்கணும்? வாசல்லயே நிறுத்திருவோம்." ஆய்வாளர் சம்மதித்தார். மறுநாள் மனைவியின் குரல் போயிற்று. உதடுகள் அசைந்தன, அவ்வளவுதான். எழுதிக் காட்டச் சொன்னால் அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொறிகளின் எண்ணிக்கையைக் காட்டும் வரைபடம் மாதத்துக்கு மாதம் தெளிந்துவந்தது. ஒரு பிற்பகலில் மனைவி அவருக்கெதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, நெடுநேரம் பேசினார். நடுவில் கண் கலங்கியது. முடிவில் எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். வரைபடத்தில் அன்று காலைதான், தேடிய துகளின் அடையாளம்போல் ஒரு சிறு மேடு எழும்பியிருந்தது. எப்படியும் பின்னால் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாமே என்று எண்ணி, ஆய்வாளர் தலையாட்டினார்.

அந்த மேடு துகள் அன்று. உயர்த்திய வரம்பே உண்டாக்கிய பொய்த் தோற்றம் என்று மற்ற ஆய்வுக்குழுவினர் மரியாதையாகவே எடுத்துக்காட்டினார்கள். ஆய்வாளர் வரம்பைத் தாழ்த்தினார். கழித்தலையும் அடியோடு நீக்கினார். சமையலறையிலிருந்து, "கேஸ் தீந்துபோச்சு" என்ற குரல் கேட்டது. காலடிகள் நாள்கணக்கில் வந்து தீர்ந்தன. பல மாதப் பேச்சு மட்டும் வரவேயில்லை.

"அது எப்படி சார் வரும்? நாமதான் பதியவே இல்லையே" என்றார் கத்தரிக்கோல்.

மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே ஆய்வாளர் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. வீட்டுக்கு வந்து, அன்று சொன்னதை இன்னொரு முறை சொல்லும்படி மன்றாடினார்.

"அதைச் சொல்றதுக்கே எத்தனையோ வருஷமாச்சு எனக்கு. இன்னொரு தரம் முடியாது" என்றார் மனைவி, துணியை மடித்தபடி. "நீங்கதான் சரின்னு தலையாட்டிட்டீங்களே. அது போதும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மையார் மகள் இருக்கும் ஊருக்குப் புறப்பட்டார். இரண்டு பெட்டிகள். எத்தனை நாளைக்கு என்று ஆய்வாளர் கேட்கவில்லை. அதற்கும் தாம் சம்மதம் கொடுத்திருக்கக்கூடும் என்று தோன்றியது. கனமான பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு, பேருந்து நிறுத்தம்வரை கூட நடந்தார்.