ட்ரெவானாவின் பம்பு நின்ற சாயங்காலம்

"வாயை அலம்பிட்டுப் பேசுக்கா! அத்தானுக்கு வேலை போச்சுன்னா எங்க பொழப்புலயும் மண்ணைப் போடணுமா?"

"நான் எங்கடி போடறேன்? வெள்ளிக்கிழமை மேட்டுல பம்பை நிறுத்தறாங்க. அந்தத் தண்ணி எங்க போகும், லண்டனுக்கா? உன் வீட்டுக்காரன் காலடிக்குத்தான் வரும்."

எதிர் வீட்டில் நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். காலையில் துடைத்த ஜன்னல்தான். ஆனால் மதில் சண்டை அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

இந்தப் பக்கம் மெரின், அந்தப் பக்கம் அவள் அக்கா லவ்டே. லவ்டேயின் புருஷன் ஜேக்கா, மேட்டிலிருந்த ட்ரெவானா சுரங்கத்தில் பம்பு பார்ப்பவன். மெரினின் புருஷன் ஹெட்லி, பள்ளத்திலிருந்த போல்கரனில் அடிமட்டத்தில் பாறை குடைபவன். இங்கிலாந்தின் கார்ன்வாலில் எங்கள் பக்கத்து வெள்ளீயச் சுரங்கங்கள் செத்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. எழுபதுகளில் விலை ஏறியது. கோட்டுப் போட்டவர்கள் வந்து இரண்டையும் திறந்தார்கள். கனடாச் சுரங்கத்திலிருந்த ஹெட்லியும் ஊர் திரும்பினான். மெரினின் அப்பா மெக்சிகோச் சுரங்கத்துக்குப் போய், கொஞ்ச காலம் கடிதமாக வந்து, அப்புறம் அதுவும் நின்றுபோனவர். அதனால், இனி ஊரைவிட்டு வேலைக்குப் போவதில்லை என்று ஹெட்லி சத்தியம் செய்த பிறகுதான் அவனைக் கட்டினாள்.

இப்போது ட்ரெவானா நஷ்டமென்று மூடினார்கள். போல்கரன்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். மலையிலிருக்கும் வெள்ளீயமெல்லாம் இனி தங்களுக்கே என்ற நினைப்பு. அந்த வெள்ளிக்கிழமையே தேவாலயக் கூடத்தில் தேநீர் விருந்து வைத்தார்கள். அக்கா வயிறு எரியட்டும் என்றே மெரின் கூடைகூடையாகக் குங்குமப்பூ பன் சுட்டாள். நானும் போயிருந்தேன், பன் கொஞ்சம் காய்ந்திருந்தது.

அழைக்காமலே ஜேக்கா வாசலில் வந்து நின்றான்.

"சகலை, பழைய காலத்து ஆளுங்க எல்லை பாத்தா தோண்டினாங்க? உங்க குடைவும் எங்க குடைவும் உள்ளுக்குள்ள ஒண்ணு. இத்தனை வருஷமா உங்க தண்ணியையும் சேத்துத்தான் நான் இறைச்சேன்."

"நடுவுல தடுப்புச் சுவர் இருக்குன்னு மேனேஜர் சொல்றாரே."

"அவர் போய்ப் பாத்தாரா?"

"வயித்தெரிச்சலை விட்டுட்டு ஒரு பன் தின்னு, சகலை!" என்றான் ஹெட்லி. கூடமே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பம்பு நின்றது. வருஷக்கணக்காக எங்கள் வீட்டுத் தரைகளுக்குக் கீழே துடித்துக்கொண்டிருந்த சத்தம். மேஜைமேல் கோப்பைகளின் நடுக்கம் ஓய்ந்தது. யார் வீட்டுக் குழந்தையோ காரணமில்லாமல் அழ ஆரம்பித்தது.

அடுத்த வாரம் ஹெட்லி முழங்கால்வரை செம்மண் நிறத்தில் வீட்டுக்கு வந்தான். "சும்மா கசிவுதான்" என்றான். பிறகு அந்த நிறம் இடுப்புவரை ஏறியது. அன்று வாசலிலேயே உட்கார்ந்து பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினான். ஓடை துருப்பிடித்த மாதிரி ஓடியது, வாத்துகள் இறங்க மறுத்தன. போல்கரனில் பம்புக்கு மேல் பம்பாக வைத்துப் பார்த்தார்கள். ட்ரெவானா பம்புகளைக் கேட்டு ஓடினால், அவை ஏற்கெனவே விற்றுப்போயிருந்தன.

ஒரு காலையில் கீழே விளக்கெல்லாம் அணைந்தது. ஆட்கள் இருட்டில் ஏணி ஏணியாக ஏறி வந்தார்கள். மெரின் வீட்டுச் செருப்போடு குழிவாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஹெட்லி கடைசியாக வந்தான். நல்ல வெள்ளீயமெல்லாம் இருந்த அடிமட்டம் முழுகிப்போயிற்று. மேல்மட்டத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, வருஷம் முடிவதற்குள் போல்கரனையும் மூடினார்கள்.

"நீயும் வாடி கனடாவுக்கு" என்று ஹெட்லி கெஞ்சியது எனக்கே கேட்டது.

"சத்தியம் பண்ணது நீ. நான் எங்கயும் வரல" என்றாள். அவன் போனான். முதலில் கடிதம் வந்தது. அப்புறம் விவாகரத்துக்கு வக்கீல் கடிதம் வந்தது. அங்கே ஒன்டாரியோவில் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டானாம்.

ஜேக்கா இப்போது ட்ரூரோ நகர நீச்சல்குளத்தில் பம்பு பார்க்கிறான். லவ்டேயும் அங்கேயே குடிபோய்விட்டாள். எங்கயும் வரமாட்டேன் என்ற மெரின், இன்ஷூரன்ஸ்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு பிளிமத் போனாள். கல்யாணத்துக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டாள், போனேன்.