பெயர் திறக்கும் முன்னே

ஏழு குன்றுகள் தோளோடு தோள் நெருங்கி நிற்க, அவற்றின் காலடியிற் கடல்நீர் புகுந்து மீன்படகுகளை மெல்ல அசைக்க, ஆண்டின் பெரும்பகுதியைக் குடையின்கீழ்க் கழிக்கும் பெர்கன் நகரின்மீது அந்த இலையுதிர்காலத்து ஞாயிற்றுக்கிழமையும் வானம் தன் வழக்கத்தில் வழுவாது பொழிந்துகொண்டிருந்தது. பிற்பகலிலேயே ஒளி மங்கத் தொடங்க, நனைந்த கற்படிகளில் விளக்கொளி வழிய, மலைச்சரிவில் அடுக்கடுக்காய் ஏறும் வெண்ணிற மரவீடுகளுள் ஒன்றின் மேல்மாடத்தில், ஈர மேலங்கிகளைக் களைந்து கணப்படுப்பின் அருகே உலர்த்திவிட்டு, இசையன்பர் சிலர் வட்டமாய் அமர்ந்திருந்தனர். அம்மழையில் அத்தனை படியேறி வந்தவர்களாதலால் அவர்களை அஞ்சா நெஞ்சினர் என்று எண்ணிவிடல் வேண்டா. மழைக்கு அஞ்சாதவர்கள்தாம், ஆனால் ஒருவர் வாய்ச்சொல்லுக்கு ஒருவர் நடுங்கிக் கிடந்தவர்கள்.

கற்றறிந்த அன்பரே, அவ்வவையின் ஒழுங்கைச் சொல்கிறேன். ஒரே இசைத்துண்டை வெவ்வேறு கலைஞர் வாசித்த பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும். வாசித்தவர் யாரென்பது வீட்டுக்குரியவர் ஒருவருக்கே தெரியும். கேட்டோர் தத்தம் மனத்திற் பட்டதைச் சொல்லி முடித்த பின்னரே பெயர் திறக்கப்படும். திறந்தபின் சொன்ன சொல்லை மாற்றுதல் கூடாது. புகழுக்குப் பணியாமல் செவி ஒன்றுக்கே பணிய வேண்டும் என்று இச்சட்டத்தை வகுத்தவர் பல் மருத்துவர் சிக்வால். ஓய்வு பெற்று ஆண்டுகள் சில ஆயினும், பிடுங்கும் பழக்கம் அவரைவிட்டுப் போகவில்லை. முன்னர்ப் பல்லைப் பிடுங்கியவர், இப்போது கலைஞர்களின் மானத்தைப் பிடுங்கினார். அவரே முதலிற் பேசுவார். ஏனையோர் அவர் சொன்னதையே சற்று வேறு சொற்களில் திருப்பிச் சொல்லித் தமக்கும் செவி உண்டென்று மகிழ்வர்.

அவர்தம் மனைவி ஹெர்டிஸ் ஒருகாலத்தில் பியானோ வாசித்தவள். மணமான புதிதில் ஒருநாள் அவள் வாசித்து முடித்ததும், "உனக்கு விரல் இருக்கு, காது இல்ல" என்று கணவர் சொன்னார். இருபத்தாறு வயதுப் பெண் அதனை நம்பினாள். பியானோ விலைபோயிற்று, அது நின்ற இடத்தில் அவருடைய ஒலிபெருக்கிகள் ஆளுயரத்துக்கு எழுந்தன. அதன்பின் முப்பதாண்டுகளாக, ஒவ்வொரு கிறித்துமசு விருந்திலும் அவர் சொல்லிச் சிரிக்கும் வேடிக்கை ஒன்றுண்டு: "இவ வாசிச்சா என் நோயாளிக்கு மரத்துப்போற ஊசியே வேண்டாம், தானா மரத்துப்போயிடும்." விருந்தினர் சிரிப்பர். அவளும் உடன் சிரிப்பாள், தட்டுகளை எடுத்துக்கொண்டே.

இப்படிப்பட்டவள், கடந்த சில ஆண்டுகளாகப் பின்னல் வேலைக்குச் செல்வதாய்ச் சொல்லிவிட்டு, துறைமுகத்தருகே உள்ள மாலுமிகள் மன்றத்துப் பழைய பியானோவில் தனியே வாசித்து வந்தாள் என்றால் நம்புவீர்களா? ஒருநாள் அதனைக் கேட்டு நின்ற ஒருவர், உல்விக் என்னும் சிற்றூரில் கோடைதோறும் நடக்கும் இசைவிழாவில் வாசிக்குமாறு அவளை அழைத்தார். அழைப்பை ஏற்கவும் துணிவில்லை, மறுக்கவும் மனமில்லை. ஆகவே அவையின் வீட்டுக்காரரும், முன்னாட் கப்பல் தலைவருமாகிய ஹால்வோரிடம், தான் வாசித்த பதிவொன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இதையும் நடுவுல போடுங்க ஹால்வோர். பேரைச் சொல்லாதீங்க."

"வேணாம்மா. அவர் வாய் உனக்குத் தெரியாததா?"

"தெரியும். நான்னு தெரியாம அவர் என்ன சொல்றாரோ அதுதான் உண்மை. நல்லா இல்லைன்னா உல்விக்குக்கு முடியாதுன்னு சொல்லிடறேன். நல்லாயிருக்குன்னா போறேன். அவ்வளவுதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, செருமானிய மேதை ஒருவர் தம் முதுமையில் இயற்றிய மெதுநடைத் துண்டொன்றின் மூன்று பதிவுகள் ஒலித்து, மூன்றும் சிக்வாலின் நாவிற் சிக்கிச் சின்னபின்னமாகிக் கிடந்த வேளையில், நான்காவதாக ஹெர்டிசின் வாசிப்பு எழுந்தது. அவள் கணப்படுப்பின் ஓரத்தில் காப்பிக் குவளையைப் பிடித்தபடி நின்றாள். எப்போதும் கால்மேல் கால் போட்டு நுனிப்பாதத்தை ஆட்டிக்கொண்டிருக்கும் மருத்துவரின் பாதம் நின்றது. கடித்துக்கொண்டிருந்த இலவங்கப்பட்டை ரொட்டி கையிலேயே தங்கியது. இசை முடிந்தபின்னும் அவர் கண் திறக்கவில்லை. அவர் திறவாமையால் வேறெவரும் மூச்சுவிடவில்லை.

"இதைப் பத்தி நான் என்ன சொல்றது?" என்றார் ஈற்றில், கலங்கிய கண்களைத் திறந்து. "இது அந்த வியன்னா பியானோக்கார அம்மா. சாகறதுக்கு முன்னாடி வாசிச்சது, சந்தேகமே இல்ல. அந்த நடுப்பகுதியை இவ்வளவு பொறுமையா வேற யாரால வாசிக்க முடியும்? இடது கையைக் கவனிச்சீங்களா? அழுது முடிச்சவங்க பேசற மாதிரி இருக்கு. பின்னால ஒரு இரைச்சல் கேக்குதே, அது பழைய ஒலிநாடா. அந்த இரைச்சல்கூட இதுக்கு அழகு."

"அதேதான் டாக்டர்," என்றார் முன்னாட் பள்ளித் தலைமையாசிரியை பெரித். "தொட்டதுமே நான் கண்டுபிடிச்சுட்டேன், வியன்னா அம்மாதான்னு."

ஹெர்டிஸ் மகிழ்ந்தாள். அணி சேர்த்துச் சொல்லப் புகுந்தால் அந்த மகிழ்ச்சி சிறுத்துவிடும்; மகிழ்ந்தாள், அவ்வளவே. முப்பதாண்டுகளுக்கு முன் வாங்கித் தின்ற ஒரு பொய்யை அன்றுதான் அவள் உடல் வெளியே தள்ளிற்று.

ஹால்வோரால் அதற்குமேற் பொறுக்க இயலவில்லை. "டாக்டரே, அது நாடா இரைச்சல் இல்ல. மாலுமிகள் மன்றத்துக் கூரைமேல பெஞ்ச நம்ம ஊர் மழை. வாசிச்சது இதோ நிக்கறாங்களே, உங்க வீட்டம்மா!"

அன்பரே, அக்கணத்தில் அம்மனிதரிடமிருந்து தேவைப்பட்டது ஒரே ஒரு சொல். எழுந்து சென்று அவள் கையைப் பற்றியிருந்தாலும் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால், விலைபோன பியானோவும் விருந்துதோறும் சொன்ன வேடிக்கையும் வீணாய்க் கழிந்த அவளது இளமையும் ஒருங்கே திரும்பி அவரை நோக்கும். அதனை அவர் அறிந்தார். அறிந்தே சிரித்தார்.

"நல்ல விளையாட்டு! சரி, இன்னொரு தடவை போடுங்க."

"சட்டம் இருக்கே டாக்டர். பேர் திறந்தாச்சு."

"சட்டம் கலைஞர்களுக்கு, ஹால்வோர். வீட்டுக்காரிக்கு இல்ல."

யாரோ சிரித்தனர். பதிவு மீண்டும் ஒலித்தது. இம்முறை மருத்துவர் கண்களை அகலத் திறந்து, விரலால் இடங்களைச் சுட்டிக்கொண்டே, முன்னர்த் தாம் கண்ட அழகுகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் குற்றங்களாக்கித் திருப்பி வைத்தார்.

"இதோ, நடுப்பகுதி. பொறுமைன்னு நெனச்சேன், பார்த்தா தயக்கம். இடது கை கனம். மழைச் சத்தத்தைக்கூட அடைக்கத் தெரியல. தப்பா எடுத்துக்காத ஹெர்டிஸ், மோசம்னு சொல்லல. பொழுதுபோக்குக்கு நல்லாதான் இருக்கு."

"எனக்கும் முதல்லயே ஏதோ உறுத்துச்சு," என்றார் பெரித், சற்றும் நாணமின்றி. மற்றவர்களும் தத்தமக்கு உறுத்தியவற்றைத் தேடி எடுத்துச் சொல்லலாயினர்.

"முதல்ல சொன்னதுதான் டாக்டர் உண்மை," என்று ஹால்வோர் எழுந்தே விட்டார். "உங்க கண்ணு கலங்கினதை நான் பார்த்தேன்."

"நீங்க கப்பல் ஓட்டினவர். காதைப் பத்தி நான் பேசறேன், உக்காருங்க."

உட்கார்ந்தார். அவ்வறையில் எவரும் அவளைப் பார்க்கவில்லை. ஹெர்டிஸ் ஒருமுறை எல்லாரையும் பார்த்தாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்தவா?" என்று கேட்டாள்.

மறுநாட் காலை உல்விக்குக்குத் தொலைபேசியில் அழைத்து, தன்னால் இயலாதென்று சொல்லிவிட்டாள். முதலிற் சொன்ன சொல்லை அவள் ஏன் நம்பவில்லை என்று நீங்கள் சினந்து கேட்கலாம். எனக்கும் அச்சினம் உண்டு. அந்தப் புகழ்ச்சி வியன்னா அம்மையாருக்குச் சொல்லப்பட்டது; இகழ்ச்சியோ ஹெர்டிஸ் என்று பெயர் சொல்லி அழைத்துச் சொல்லப்பட்டது. பெயர் சொல்லி அவளுக்கு வாழ்நாளெல்லாம் வந்தவை அத்தகைய சொற்களே ஆதலால், தனக்கு உரியது அதுவே என்று எடுத்துக்கொண்டாள். மன்றத்துப் பியானோவின் மூடியை அவள் அதன்பின் திறக்கவில்லை.

சில நாட்கள் கழித்துச் சிக்வால் தனியே படியேறி ஹால்வோரின் வீட்டுக்கு வந்தார். "அந்தப் பதிவைக் கொஞ்சம் குடுங்க. எங்கெங்க தப்புன்னு அவளுக்குக் காட்டணும்," என்றார். கப்பல் தலைவர் அவர் முகத்தை நோக்காமலே எடுத்துக் கொடுத்தார்.

ஹெர்டிஸ் மீன்சந்தைக்குச் சென்றிருந்த பொழுதில், ஆளுயர ஒலிபெருக்கிகளின் நடுவே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, மனைவியின் வாசிப்பை அவர் கேட்டார். முடிந்ததும் மறுபடியும் கேட்டார். கூரைமேற் பெய்த மழையையும், அதன் ஊடே தயங்காது நடந்த அந்த இடக்கையையும் கேட்டு, அக்கிழவர் வாய்விட்டு அழுதார். இவ்வளவு நல்ல செவி அந்நகரில் வேறெவர்க்கும் இல்லை என்பது மெய்தான்.

வாயிற்கதவு திறந்தது. நனைந்த கழுத்துத்துணியோடு கூடத்தில் நின்ற ஹெர்டிஸ் கடைசிச் சுரங்களைக் கேட்டாள். தன் விரல்களை அறியாதவளா அவள்? அவர் பதறி எழுந்து பதிவை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிவந்த அவர் கண்களை அவள் நன்றாய்ப் பார்த்தாள்.

"யார் வாசிச்சது?" என்று கேட்டாள். சொல்வாரென்று காத்து நின்றாள். தலையிலிருந்து மழைநீர் சொட்டித் தரைவிரிப்பு நனைந்துகொண்டிருக்க, நெடுநேரம் காத்து நின்றாள்.

"யாரோ. பேர் தெரியல," என்றார் அவர். "சுமார்தான்."

அவள் தலையசைத்துவிட்டு, மீனைச் சமையலறைக்குக் கொண்டுபோய்க் கழுவத் தொடங்கினாள்.

அறியாமல் இழைத்த கொடுமையைப் பொறுக்கலாம், அன்பரே. அறியாதவர்க்கு என்றேனும் அறிவு வரக்கூடும். நன்றாய்க் கேட்டு, நன்றாய் உணர்ந்து, கண்ணீரும் சிந்தி, அதன்பின்னும் இல்லையென்று சொன்னவரை நான் பொறுக்கவில்லை. இசையவை இன்றும் ஞாயிறுதோறும் அம்மேல்மாடத்திற் கூடுகிறது. மருத்துவரின் செவியை வியவாதார் அங்கு ஒருவரும் இலர். ஹெர்டிஸ் எல்லார்க்கும் காப்பி ஊற்றுகிறாள்.