சிவப்பாய் எரியும் பெயர்

1.

இந்தக் கதை ஒரு படிவத்தில் இடம் போதாமல் பிறந்தது. ‘சம்பவத்தை விவரிக்க’ என்று மூன்றே வரி விட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் ஊழியர்களின் பணிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரி நான். எழுத்தாளன் என்பது வீட்டில்கூட யாரும் ஒப்புக்கொள்ளாத கூடுதல் பொறுப்பு.

2.

முதல் தொடக்கம்: ‘மழை கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில்…’

கொட்டியதா என்று தெரியாது. அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

இரண்டாவது: அங்கே அழைப்புகளை எடுக்கும் ஊழியர்களில் ஒருவரை எல்லோரும் ‘அட்ரஸ் அக்கா’ என்பார்கள். அலறுகிறவர்களிடமும் அரை நிமிடத்தில் முகவரி வாங்கிவிடுவார். அன்று பேச்சுமூச்சில்லாத குழந்தையோடு ஒரு தாய் அழைத்தார். வண்டி போய்ச் சேரும்வரை அக்கா பேசிக்கொண்டே இருந்தார். குழந்தை [இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்].

அடுத்த அழைப்பை உடனே எடுத்தார். ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. மகன் மூன்று முறை முகவரி சொன்னான். மூன்று முறையும் அக்கா எழுதியது அந்தக் குழந்தையின் தெருவை. வண்டி அங்கே போய்த் திரும்பியது. பெரியவர் எப்படியோ பிழைத்துவிட்டார். அக்காவின் வேலை பிழைக்குமா என்பதுதான் இப்போது கேள்வி.

3.

மோசமான அழைப்புக்குப் பிறகு பத்து நிமிடம் ஓய்வெடுக்க ஒரு பொத்தான் உண்டு. கொண்டுவந்தவன் நான். ஆறு மாதமாக யாரும் அழுத்தவில்லை. ‘ஊழியர்களுக்கு மன அழுத்தம் இல்லை’ என்று அறிக்கை எழுதிக் கைதட்டலும் வாங்கினேன்.*

* அழுத்தியவர் பெயர் சுவரிலுள்ள பெரிய திரையில் சிவப்பாக எரியும். அதுவும் என் யோசனைதான்.

“ஏன்க்கா அழுத்தல?”

“எம்பேரு செவப்பா எரிஞ்சா பக்கத்துல இருக்கிறவங்க தலையிலதான தம்பி எல்லா போன்காலும் விழும்? அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?”

பிள்ளையைக் கிள்ளிவிட்டு என்று தொடங்கும் பழமொழியை இங்கே எழுதி அடித்துவிட்டேன். இந்தக் கதையில் அது வலிக்கிறது.

4.

படிவத்தின் கடைசிக் கட்டம், ‘காரணம்’.

“ஊழியரோட கவனக்குறைவுன்னு போடுங்க சார், கதை முடிஞ்சிடும்” என்றார் மேலாளர்.

முடியும்தான், அக்காவின் வேலையோடு சேர்த்து. நான் போட்டது: ‘சுவர்த் திரை. அமைத்தவர்: நான்.’ பெயர்களை எடுக்கவும், அறைக்கு இரண்டு பேரைக் கூட்டவும் கேட்டிருக்கிறேன். இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

முடிவை வாசகர் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம் என்பது என் கட்சி. ஆனால் மேலாளரின் கையெழுத்து இன்னும் விழவில்லை. அவர் நாற்காலியில் உங்களை உட்காரவைக்கிறேன். பேனா மேசையில் இருக்கிறது. வேண்டுமட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் எங்கேயும் சிவப்பாக எரியாது.