அடுக்களைச் சன்னல்

சுவரில் கடப்பாரை விழுந்தால் இந்த வீட்டில் தன் பிணம் விழும் என்று சொல்லிவிட்டு, ஓய்வுபெற்ற ஹவில்தார் சுடலைக்கண்ணு இரண்டாவது இட்லியைப் பிட்டார். ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள் ஆவுடைத்தாய் சட்னி ஊற்றினாள்.

அவள் கேட்டது ஒரு சன்னல். மேலகரத்து அந்த வீட்டின் அடுக்களைக்குச் சன்னலே கிடையாது. உலையில் என்ன வேகிறது, எவள் நின்று வேகவைக்கிறாள் என்பது தெருவுக்குத் தெரியக்கூடாது. அது குடும்ப வழக்கம். எழுபத்தொன்பதாம் வருஷம் சாரல் கொஞ்சம் தாராளம். நனைந்த விறகின் புகை வெளியே போக வழி தெரியாமல் ஆவுடைத்தாயின் மூக்குக்குள் போனது.

மூத்த மகள் முப்பிடாதி பிறந்தபோது ஒன்றரைக் கிலோ. நாலு வயதாகியும் அவள் மூச்சு விசிலடித்தது. ஆவுடைத்தாயின் அப்பா சீர்வரிசையோடு சேர்த்தனுப்பிய இழுப்பு அது என்று மாமனார் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டார். சுகாதார நர்ஸ் ஆசியா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"நீ இழுக்குத புகை ஒன்னோட நிக்காதுட்டி. வயித்துப் பிள்ளைக்கும் போவுது. எடை கொறையுததும் நெஞ்சு இழுக்கதும் அதனாலயும்தான்."

இதைக் கேட்டுச் சுடலைக்கண்ணு சிரித்தார். வெடிமருந்துப் புகையையே குடித்தவராம் அவர். நிரூபிக்கிறேன் என்று அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையாலேயே தேநீர் போட உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்தில் கண்ணை மூடியபடி வெளியே பாய்ந்து, மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் முகம் கழுவினார். மாடு ஒதுங்கி இடம் கொடுத்தது.

"இது ஆம்பளைக்கு ஆவாது. பொம்பளைக்குப் பழகிரும்" என்றார் தவிட்டைத் துடைத்தபடி.

ஆவுடைத்தாய் துண்டை நீட்டினாள். "வயித்துல கெடக்கது பேரனா இருந்தா, அவனுக்கும் பழகிருமா மாமா?"

மறுநாள் கொத்தனார் காமராஜ் கடப்பாரையோடு வந்தார். பிணம் எதுவும் விழவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தென்காசி ஆஸ்பத்திரியில் பிறந்தது பெண். மூன்று கிலோ. விசில் இல்லாத சுத்தமான அழுகை. மெட்ராஸில் போலீஸ் வேலை பார்க்கும் கணவன் நம்பிராஜன் லீவில் வந்து, பத்து நாள் கூட இருந்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்த பேத்தியை ஒருமுறை பார்த்த சுடலைக்கண்ணு, பொட்டப்பிள்ளைக்கா ஒரு சுவரைக் கெடுத்தோம் என்று காமராஜைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். செங்கல் வந்தது; சாந்து குழைந்தது. குழந்தையை எடை பார்க்க ஆசியாவும் வந்திருந்தாள்.

"அடைச்சிருவோம் மாமா" என்றாள் ஆவுடைத்தாய் பணிவாக. "ஆனா அடுத்தது பேரனா இருந்தா, திரும்ப இடிக்கணுமே."

கிழவர் யோசித்தார். காமராஜ் சாந்துச் சட்டியோடு வீடு திரும்பினார்.

ஆசியா சிரிப்பை அடக்கச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரசவமான மூன்றாம் நாளே, நம்பிராஜன் சம்மதத்தோடு, ஆவுடைத்தாய் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தாள். மாமனாரிடம் யாரும் சொல்லவில்லை.

அவர் கடைசிவரை பேரனுக்காகக் காத்திருந்தார். சன்னலும் கடைசிவரை திறந்தே இருந்தது.