எருமைக்கு வெற்றிலை பாக்கு

சீனச் சண்டை ஓய்ந்த மறு வருஷம் சிதம்பரத்தில் உத்திராபதி குழந்தைகளுக்காக ஒரு கதை எழுதி முடித்தார். அறுபதைத் தாண்டியவர். புவனகிரிப் பக்கம் அவருடைய வம்சத்துக்குப் பெரியவீட்டார் என்று பெயர். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத இடத்தில் பெரியவீட்டார் யாரும் கால் வைத்ததில்லை. இந்த ரோஷத்தால் அந்த வம்சம் சாப்பிடாமல் விட்ட கல்யாணச் சாப்பாட்டை வைத்து ஒரு ஊருக்கே பந்தி போட்டிருக்கலாம்.

எழுதிய கதையும் ஏறக்குறைய அதுதான். வெள்ளாற்றங்கரையில் நரி வீட்டுக் கல்யாணம். எல்லாருக்கும் வெற்றிலை பாக்கு வைத்த நரி எருமையை மறந்துவிடுகிறது. எருமை ஆற்றில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, முறையாக அழைத்தால்தான் வருவேன் என்கிறது. கொக்கு வந்து கெஞ்சுகிறது, ஆமை வந்து கெஞ்சுகிறது. எருமை அசையவில்லை. கடைசியில் கல்யாணமே மேளதாளத்தோடு ஆற்றுக்கு வந்து எருமைக்குப் பரிவட்டம் கட்டுகிறது. பிள்ளைகள் மானத்தோடு வளரவேண்டும் என்று உத்திராபதி சிரிக்காமல் எழுதிய கதை.

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் ரஃபியுதீன் பாய் என்பவர் குழந்தைப் புத்தகங்கள் அச்சிட்டு விற்றுவந்தார். கதையைத் தபாலில் அனுப்புவது பெற்ற பெண்ணைத் தபாலில் அனுப்புவது போல என்பது உத்திராபதியின் எண்ணம். ஆகவே, கடலூரில் வேலையிலிருந்த மைத்துனன் தங்கராசு மூலம் சொல்லி அனுப்பினார்: பெரியவீட்டாரிடம் ஒரு கதை இருக்கிறது, வந்து கேட்டால் கொடுக்கச் சம்மதம்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். தை போனது, சித்திரையும் வந்துவிட்டது.

"இன்னாங்க, மாப்ள வூட்டுக்காரங்க இன்னிக்கும் வரலயா?" என்று கேட்டாள் அவர் மனைவி மங்கலம்.

"வருவாங்க."

"நம்ம பொண்ணுக்கே இவ்ளோ நாளு காத்திருக்கல."

மறுநாள் உத்திராபதிக்குக் கடலூர்ப் பக்கத்துத் திருவந்திபுரத்தில் ஒரு பழைய வேண்டுதல் பாக்கி இருப்பது ஞாபகம் வந்தது. ரயிலேறினார். கோயில் ஒரு பக்கம், பாயின் அச்சாபீஸ் வேறு பக்கம். பெருமாளைப் பார்க்கப் போகிறவர் கக்கத்தில் கதையை ஏன் இடுக்கிக்கொண்டு போகிறார் என்று மங்கலம் கேட்கவில்லை. அதுவே பெரிய கேலியாக இருந்தது.

அச்சாபீஸில் ரஃபியுதீன் பாய் கதையை நின்றபடியே படித்தார். நாலாம் பக்கத்தில் சிரிக்க ஆரம்பித்தவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா பாய் சிரிக்கிறீங்க?"

"பின்ன? கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னுக்கிட்டு மரியாத கேக்குதே! எங்க மாமு ஒருத்தரு இருந்தாரு, அப்படியே இந்த எருமதான். நல்லா கிண்டல் பண்ணியிருக்கீங்க ஐயா."

"கிண்டலா? அது மானமுள்ள எரும."

பாய் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார். "சரிங்க. ஆனா முடிவு சரியில்ல. கல்யாணத்த வுட்டுட்டு யாருங்க ஆத்துக்கு வருவாங்க? புள்ளைங்க நம்பாது. மாத்திக் குடுங்க, ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள புஸ்தகமாக்கிடறேன்."

"பெரியவீட்டுல எழுதினத மாத்தற பழக்கம் இல்ல." காகிதங்களைப் பிடுங்கிக்கொண்டு உத்திராபதி தெருவில் இறங்கினார்.

கோபித்துக்கொண்டு பந்தலைவிட்டுப் போகும் சம்பந்தியை யாராவது ஓடிவந்து கையைப் பிடித்துத் திரும்ப அழைக்கவேண்டும். அவர்களுக்கு வசதியாகக் கோபித்தவர் மெதுவாக நடக்கவேண்டும். அந்த முறைப்படியே உத்திராபதி மெதுவாக நடந்தார். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் வந்தது.

பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றார். சிதம்பரம் பஸ் வந்தது.

"பெருசு, ஏறலயா?" என்றார் கண்டக்டர்.

"கூப்பிட ஆளு வராங்க."

"இந்த வெயில்லயா?"

பஸ் போய்விட்டது. அடுத்ததும் வந்து போனது. வியர்வை கழுத்துவரை நனைத்திருந்தது. ஆள் வரவில்லை. வீட்டுக்குப் போனால் கதை பெட்டிக்குள்தான் கிடக்கும். அதைப் படித்தவர் என்று உலகத்தில் ஒரே ஒரு பாய்தான் மிஞ்சுவார். அவரும் சிரித்துவிட்டார். உத்திராபதி தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். சுற்றிலும் ஓடியது கடலூர்த் தெருவாகத் தெரியவில்லை, வெள்ளாறாகத் தெரிந்தது. தை மாசத்திலிருந்து அதில்தான் நிற்கிறார்.

அச்சாபீஸுக்குத் திரும்பிப் போனார்.

"குடைய மறந்துட்டுப் போய்ட்டேன்."

குடை அவர் கையில்தான் இருந்தது. பாய் குடையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்ததும் உத்திராபதி சுவரைப் பார்த்துச் சொன்னார்: "எரும தானா கரையேறிப் போவுது. போறப்போ பந்தி முடிஞ்சிபோச்சி. ஒரு பருக்க சோறு இல்ல. கொல்லையில எச்ச எலதான் குமிஞ்சி கெடக்குது."

"அடப் பாவமே!"

"இன்னா பாவம்? எருமைக்கு எலதான பாய் விருந்து! சோத்தத் தின்னுட்டு எலயப் போய் தூக்கிப் போட்டிருக்குதுங்களே, இதுங்களுக்கு சாப்பிடவே தெரியலன்னு திட்டிக்கிட்டே அத்தனையும் தின்னுடுது."

பாய் மறுபடியும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை ஏன் சிரிக்கிறீர்கள் என்று உத்திராபதி கேட்கவில்லை. மீசைக்கடியில் தன் உதடும் கொஞ்சம் சிரிப்பில் நழுவியது அவருக்கே தெரிந்தது.

"படம் போடறவரு பக்கத்துத் தெருதான், வரச்சொல்றேன்," என்றார் பாய். "எரும எப்படி நிக்கணும், மூஞ்ச எப்படி வெச்சிக்கணும்னு அவருக்கு ஒரு மாதிரி வேணும். அவரு வர்ற வரைக்கும் நீங்க இப்படியே உக்காந்திருங்க, போதும்."

பாயின் பார்வை தன் முதுகிலும் மோவாயிலும் நிற்பதை உத்திராபதி கவனித்தார்.

"மீச மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க பாய். எங்க சம்பந்தி வூட்டுல கண்டுபுடிச்சிடுவாங்க."

சொல்லிவிட்டு, முதுகை இன்னும் நன்றாக நிமிர்த்தி உட்கார்ந்தார்.